எங்கள் தெருவை வைத்து வாங்கிய பணம் எங்கள் தெருவுக்கும் வரட்டும்

மாண்புமிகு வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நான் வந்தபோது இது பஞ்சாயத்துச் சாலை. இருபுறமும் தனி வீடுகள். 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது நாங்களும் சென்னைக்குள் வந்தோம். இன்று இதே தெருவில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள். சாலை மட்டும் அன்றிருந்த அகலத்திலேயே கிடக்கிறது. காலையில் பள்ளி வேனும் தண்ணீர் லாரியும் எதிரெதிரே வந்துவிட்டால் ஏதேனும் ஒன்று பின்னால் நகர வேண்டும். அதுவரை பிள்ளைகள் வடிகால் மூடியின் மேல் ஏறி நிற்கிறார்கள்.

அடுக்குமாடிக்குக் குடிவந்தவர்கள் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. தங்கள் பங்கைக் கட்டிவிட்டுத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், 2008-இல் வந்த விதிகளின்படி, பெரிய கட்டடங்களுக்குச் சதுர மீட்டர் கணக்கில் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. அதைக் கட்டினால்தான் திட்ட அனுமதி. கட்டுநர் அதை வீட்டின் விலையில் சேர்த்துவிடுகிறார்; ஆக, கடன் வாங்கி வீடு வாங்கிய குடும்பம்தான் உண்மையில் அதைச் செலுத்துகிறது. கட்டணம் நியாயமானதே. கட்டடம் கூட்டும் சுமைக்குக் கட்டடமே ஈடு தருவதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

என் மனத்தை உறுத்துவது வேறு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நிலத்தை யாரும் எடுத்துச் செல்ல முடியாது. அது அந்தப் பகுதியிலேயே இருக்கும். பூங்கா வரத் தாமதமானாலும் வேலியைக் காட்டி, 'இது நம்முடையது' என்று கேட்கலாம். பணத்துக்கு அந்த உறுதி இல்லை. அது மாநில அளவிலான ஒரே நிதியில் போய்ச் சேருகிறது. அங்கிருந்து பெரிய திட்டங்களுக்குச் செலவாவதை நான் குறை கூறவில்லை. எங்களுக்கும் பெரிய சாலைகள் வேண்டும். ஆனால் எந்தத் தெருவின் நெரிசலைக் காரணம் காட்டி அந்தப் பணம் வாங்கப்பட்டதோ, அந்தத் தெருவுக்கு அதில் ஒரு பங்காவது உரிமையாக வேண்டாமா?

கலிஃபோர்னியாவில் இதே வகைக் கட்டணத்துக்கு 1987-இலேயே ஒரு சட்டம் இயற்றினார்கள். வசூலான பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து 180 நாட்களுக்குள் வரவு செலவை மக்களுக்கு வெளியிட வேண்டும். செலவாகாமல் இருக்கும் தொகை எதற்காக என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை காரணம் காட்ட வேண்டும். தவறினால் இன்றைய உரிமையாளருக்கே திருப்பித் தர வேண்டும். அங்கேயும் சச்சரவு ஓயவில்லை. தன் நிலத்தில் ஒரு சிறு வீடு வைக்க 23,420 டாலர் சாலைக் கட்டணம் கட்டிய ஒருவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். சட்டமன்றமே விதித்த கட்டணமானாலும், அது கட்டடம் உண்டாக்கும் பாதிப்போடு பொருந்த வேண்டும் என்ற சோதனையிலிருந்து தப்ப முடியாது என்று 2024 ஏப்ரலில் அந்த நீதிமன்றம் சொன்னது.

அந்தப் பொருத்தத்தைத்தான் நானும் கேட்கிறேன். ஒவ்வொரு திட்ட அனுமதிக்கும் எவ்வளவு கட்டணம் வாங்கப்பட்டது என்பதை வார்டு வாரியாக வெளியிடுங்கள். அதில் ஒரு பகுதியை அந்த வார்டின் சாலைக்கும் நடைபாதைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் என்று விதியிலேயே ஒதுக்கி, செலவிடக் காலக்கெடுவும் வையுங்கள். கட்டடத்துக்குக் குடிபுகும் நாளுக்கு முன் சாலை வேலை தொடங்கினால் இன்னும் நல்லது. குடிவந்த பிறகு தோண்டினால் எல்லோருக்கும் இரட்டைத் துன்பம்.

எங்கள் தெருக்கோடியில் ஐந்தாவது கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு வாங்கிய கட்டணத்திலிருந்து இந்த முறையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவர்