வலி தணிக்கும் நொதி ஆய்வைக் கைவிடாதீர்கள்: ஐரோப்பிய மருந்து முகமைக்கு ஒரு திறந்த மடல்

மனித மருந்துகளுக்கான குழுவின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் அனந்தமைடு என்னும் கொழுப்பு மூலக்கூறு, கஞ்சாவின் வேதிப்பொருள் பற்றும் அதே ஏற்பிகளைப் பற்றி வலிச் செய்தியைத் தணிக்கிறது. அதைச் சிதைப்பது எஃப்ஏஏஹெச் என்னும் நொதி. அந்த நொதியைத் தடுத்தால், அபின்வழி மருந்துகள் தரும் அடிமைத்தனம் இல்லாமலே வலி குறையும் என்ற நம்பிக்கை வெறும் கற்பனையன்று. இந்நொதியின் செயல் மரபுவழியே குன்றிய ஸ்காட்லாந்துப் பெண்மணி ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் வலி நிவாரணி ஏறக்குறைய தேவைப்படாமல் இருந்ததை 2019-இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள்.

2016 சனவரியில் பிரான்சின் ரென் நகரில், இந்நொதியைத் தடுக்கும் பிஐஏ 10-2474 என்ற மருந்தின் சோதனையில், அதை நாள்தோறும் 50 மில்லிகிராம் வீதம் உட்கொண்ட நலமான தன்னார்வலர்களில் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலரின் மூளை பாதிக்கப்பட்டது. முதலில் நோயுற்றவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மறுநாள் காலையிலும் மற்றவர்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பழி நொதியின் மேல் விழுந்தது. ஆனால் பைசர் நிறுவனத்தின் பிஎஃப்-04457845 என்ற மருந்து அதே நொதியை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்தும் இத்தகைய தீங்கை விளைவிக்கவில்லை. (முழங்கால் மூட்டுத் தேய்மான வலியை அது தணிக்கவும் இல்லை, அது தனியே ஆராய வேண்டிய கேள்வி.) 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தலைமையிலான குழு இரு மருந்துகளையும் மனித நரம்பணுக்களில் ஒப்பிட்டு, ரென் நகரில் கொடுக்கப்பட்ட மருந்து கொழுப்பைக் கையாளும் வேறு பல நொதிகளையும் முடக்கியதைக் காட்டியது. மரணத்துக்கு அதுவே காரணம் என்று அவர்கள் நிறுவவில்லை. எனினும், ஒரு மருந்து வேறெந்த நொதிகளைத் தாக்குகிறது என்று கண்டறியும் சோதனை முறை 2016-க்கு வெகுமுன்பே ஆய்வகங்களில் இருந்தது.

மனிதரிடம் முதன்முதலாக நடத்தும் சோதனைகளில் மருந்தின் அளவை உயர்த்துவதிலும், ஒருவருக்குக் கொடுத்தபின் அடுத்தவருக்குக் கொடுக்க இடைவெளி விடுவதிலும் 2017-இல் நீங்கள் கொண்டுவந்த திருத்தங்களை வரவேற்கிறேன். அத்துடன், நொதியோடு வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும் எந்தத் தடுப்பானும், மனித உயிரணுக்களில் வேறெந்த நொதிகளைத் தாக்குகிறது என்ற முழுமையான சோதனை முடிவு இல்லாமல் முதல் தன்னார்வலருக்குக் கொடுக்கப்படலாகாது என்பதைக் கட்டாய விதியாக்குங்கள். கைவிடப்பட்ட தடுப்பான்களின் விலங்குப் பரிசோதனைத் தரவுகளையும் பிற ஆய்வாளர்கள் பார்க்கும்படி வெளியிடச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியை ஒருவர்