வென்றவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிரெட் ஹார்ட் அவர்களுக்கு,

வணக்கம்.

1997 மார்ச் 23 அன்று சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்டில் நடந்த, டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) மல்யுத்த நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியா 13 என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஸ்டீவ் ஆஸ்டினின் முகம். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் பல்லிடுக்கு வரை இறங்க, வாயைப் பிளந்து அலறிக்கொண்டே தோல்வியை ஒப்புக்கொள்ள மறுக்கும் அந்த முகத்தைப் பார்க்காத மல்யுத்த ரசிகர் இருக்க முடியாது. அவருடைய இரு கால்களையும் பின்னிப் பிடித்துக்கொண்டு, அந்தப் படத்தில் இடம்பெறாமல் நின்றவர் நீங்கள். ஆட்டத்தில் வென்றவரும் நீங்கள்தான். இத்தனை ஆண்டுகளாகத் தோற்றவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வென்றவருக்கும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முடிவை முன்பே எழுதிவைத்து ஆடும் இந்த மல்யுத்தத்தில், அன்று உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது சாதாரண வேலை அல்ல. மக்கள் வெறுக்க வேண்டிய ஆஸ்டின் ஒரே ஆட்டத்துக்குள் நாயகனாக வேண்டும். மக்கள் ஆண்டுக்கணக்கில் நேசித்த நீங்கள் அதே ஆட்டத்துக்குள் வில்லனாக வேண்டும். ரிங்குக்குள் நுழையுமுன் கண்ணாடியைக் கழற்றி முன்வரிசையில் நிற்கும் ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர் நீங்கள். அப்படிப்பட்டவரை ஓர் அரங்கமே எதிர்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது? நண்பனை முதுகில் குத்தும் ஒரு காட்சியை வைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். உங்கள் கதை அந்த வழியில் போகவில்லை. அதனால்தான் அது இன்னும் நிற்கிறது.

உங்கள் கோபத்துக்கு நியாயம் இருந்தது. 1996 ரெஸில்மேனியாவில் ஷான் மைக்கேல்ஸுடன் 60 நிமிடம் ஆடினீர்கள். இருவரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பட்டம் உங்களிடமே இருக்கிறது என்று கிளம்பியவரைத் திரும்ப அழைத்துக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதில் பட்டம் போயிற்று. எட்டு மாதம் ஒதுங்கியிருந்து, நவம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆஸ்டினை வென்று திரும்பினீர்கள். அடுத்த ஜனவரியில் ராயல் ரம்பிள்: மேல் கயிற்றைத் தாண்டி விழுந்து கால் தரையில் பட்டவர் வெளியேற வேண்டிய ஆட்டம். அங்கே ஆஸ்டினைக் கயிற்றுக்கு மேலே தூக்கி எறிந்தீர்கள். அவர் கால் தரையில் பட்டதை அரங்கமே பார்த்தது. நடுவர்கள் மட்டும் வேறொரு சண்டையை விலக்கிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. அவர் மறுபடி உள்ளே நுழைந்து உங்களையே வெளியே தள்ளி வென்றார். பிப்ரவரி 16 அன்று நால்வர் மோதிய ஆட்டத்தில் பட்டத்தைப் பிடித்தீர்கள். மறுநாளே ஆஸ்டின் குறுக்கிட, சிட் என்ற வீரர் அதைப் பறித்துக்கொண்டார். ரெஸில்மேனியாவுக்கு ஆறு நாள் முன்பு சிட்டுடன் கூண்டுக்குள் நடந்த ஆட்டத்தில் இன்னொரு வீரரான அண்டர்டேக்கர் கூண்டுக் கதவை உங்கள் தலையில் அறைந்து சாத்த, அதிலும் தோல்வி. அன்றைக்குத்தான் நிறுவனத்தின் உரிமையாளர் வின்ஸ் மக்மேனைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கெட்ட வார்த்தைகளோடு பொரிந்து தள்ளினீர்கள்.

இதில் நீங்கள் சொன்ன புகார் ஒன்றுகூடப் பொய்யில்லை. எல்லாமே நடந்தது, எல்லோரும் பார்த்தது. ஆனாலும் வாரத்துக்கு வாரம் அதே நியாயத்தை ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல, கேட்பவர்களின் முகம் மாறத் தொடங்கியது. முதல் தடவை பரிதாபம், இரண்டாம் தடவை பொறுமை, மூன்றாம் தடவை சலிப்பு. அநியாயத்துக்கு ஆளானவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போது ஊர் எப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதை நீங்கள் துல்லியமாக அறிந்திருந்தீர்கள். அந்தக் கட்டத்துக்கு ஓர் அங்குலம் முன்னும் பின்னும் போகாமல் உங்கள் கதாபாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். எதிரில் ஆஸ்டின் எதற்கும் புலம்பவில்லை. அவர் மோசடிக்காரர், வாய்த்துடுக்குக்காரர். ஆனால் யாரிடமும் நியாயம் கேட்கவில்லை. கூட்டத்துக்கு அவரைப் பிடிக்கத் தொடங்கியிருந்ததில் வியப்பில்லை. அன்றைய மாலையிலேயே, சிரித்த முகமும் நல்ல பிள்ளையுமாக வந்த ராக்கி மைவியாவைச் சிகாகோ ரசிக்கவில்லை. பின்னாளில் ராக் என்று உலகம் கொண்டாடிய அதே ஆள்தான்! நல்லவர்களுக்கு மதிப்புக் குறைந்துகொண்டிருந்த நேரம் அது.

ஆட்டத்தின் விதி ஒன்றே ஒன்று: எதிராளி தாங்க முடியாமல் ஒப்புக்கொண்டால்தான் வெற்றி. கென் ஷாம்ராக் நடுவர். நொறுங்கும் கண்ணாடியின் ஊடே ஆஸ்டின் நடந்து வந்தார். நீங்கள் வந்ததும் ஒரு நொடி தாமதமில்லாமல் அடிதடி. கூட்டத்துக்குள் புகுந்து, படிக்கட்டு ஏறி, மறுபடி இறங்கி ரிங்குக்கு வந்து சேர்ந்தீர்கள். அதன் பிறகு நீங்கள் செய்த ஒவ்வொன்றும் ஒரே இடத்தைக் குறிவைத்தது: கட்டுப் போட்டிருந்த ஆஸ்டினின் முழங்கால். ரிங் கம்பத்தைச் சுற்றி அவர் காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு நீங்கள் வெளியே தலைகீழாகத் தொங்கியபோதே முடிவுக்கான வேலை தொடங்கிவிட்டது. கடைசியில் போடப்போகும் ஷார்ப்ஷூட்டர் பிடிக்குக் கால்தான் இலக்கு என்பதால், அடித்த அடியில் ஒன்றுகூட வீண் அடி இல்லை.

நடுவில் ஆஸ்டின் கம்பித் தடுப்பில் மோதி நெற்றி பிளந்தது. அந்தக் காலத்தில் அந்த நிறுவனத்தில் ரத்தத்துக்கு இடமில்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததுதான் அது என்பதும், பிளேடைப் பிடித்தது உங்கள் கை என்பதும் பின்னாளில் வெளியே வந்தன. இன்னொருவர் தன் நெற்றியை உங்கள் கையில் ஒப்படைக்கிறார் என்றால் உங்கள் மீது அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! எதிராளியைக் காயப்படுத்தாமல் ஆடியதைத்தான் உங்கள் வாழ்நாள் பெருமையாகச் சொல்வீர்கள். கால்கரியில் உங்கள் தந்தை ஸ்டூ ஹார்ட் வீட்டின் நிலவறையில் பழகிய வித்தை அது. நாற்காலியால் அந்த முழங்காலை நீங்கள் அடித்த காட்சி எத்தனை கொடூரமாகத் தெரிகிறதோ, அத்தனை பத்திரமாக அது செய்யப்பட்டிருக்கிறது. முடிவு முன்பே எழுதப்பட்டது என்று தெரிந்தே பார்க்கிற என் போன்றவர்களுக்கு இந்தப் பாதுகாப்புதான் மயிர்க்கூச்செறிய வைக்கும் விஷயம்.

முடிவுக்கு வருகிறேன். மின்கம்பியை உங்கள் கழுத்தில் சுற்றி ஆஸ்டின் இழுக்கிறார். நீங்கள் கையை நீட்டித் துழாவி, ரிங் ஓரத்திலிருந்த மணியை எடுத்து அவரை அடிக்கிறீர்கள். பிறகு ஷார்ப்ஷூட்டர். ஆஸ்டின் இரு கைகளையும் ஊன்றி உடலை உயர்த்துகிறார், நீங்கள் தடுமாறுகிறீர்கள், பிடி விட்டுப்போனது போலிருக்கிறது. அந்த ஒரு கணத்தில் அரங்கம் முழுவதும் ஆஸ்டின் பக்கம் சாய்ந்துவிட்டது. நீங்கள் மறுபடி இறுக்கிப் பிடித்தபோது உங்களுக்காகக் கைதட்ட ஆள் குறைந்துபோயிருந்தது. அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை; மயங்கினார். ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்தினார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் வெற்றியாளராகவே இறங்கியிருக்கலாம். நினைவில்லாமல் கிடந்தவரின் காலை மறுபடி மிதிக்கத் தொடங்கினீர்கள். ஷாம்ராக் உங்கள் இடுப்பைப் பிடித்துத் தூக்கி எறிந்தார். எழுந்து அவரோடு மோதுவது போல முறைத்தீர்கள். பிறகு மோதாமல் இறங்கிவிட்டீர்கள். என்னைக் கேட்டால் அந்த ஆட்டத்தின் உச்சம் இந்த இறக்கம்தான். விழுந்து கிடப்பவனை மிதிக்கத் துணிந்தவர், நிமிர்ந்து நிற்பவனிடம் பின்வாங்குகிறார். உங்கள் கதாபாத்திரத்தின் பல ஆண்டுப் பெருமையை இரண்டே அசைவில் நீங்களே உடைத்துப் போட்டீர்கள். கூச்சல் உங்களை வாசல் வரை துரத்தியது. உள்ளே ஆஸ்டின் உதவிக்கு வந்த இன்னொரு நடுவரைத் தன் ஸ்டன்னர் அடியால் வீழ்த்திவிட்டு, யார் தோளையும் பிடிக்காமல் நொண்டி நொண்டி நடந்தார். அவர் பெயரைக் கூட்டம் முழங்கியது. அடுத்த சில ஆண்டுகள் அந்தத் தொழிலுக்கே சோறு போட்ட முழக்கம் அது.

அன்றைய கடைசி ஆட்டத்தில் அண்டர்டேக்கர் சிட்டை வென்று பட்டம் பெற்றார். அதிலும் நீங்கள் வந்து குறுக்கிட்டீர்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

மறுநாள் நீங்கள் பேசிய பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க ரசிகர்கள் தரம் கெட்டுவிட்டார்கள் என்றும், மற்ற நாடுகளில் இருக்கும் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னீர்கள். தம்பி ஓவன், மைத்துனர்கள் டேவி பாய் ஸ்மித், ஜிம் நைட்ஹார்ட், கூடவே பிரையன் பில்மன் என்று ஒரு படையே திரண்டது. ஜூலை 6 அன்று கால்கரி சாடில்டோமில் நீங்கள் கடவுள். எல்லைக்குத் தெற்கே அதே வாரம் வில்லன். ஒரே சொற்கள் ஓர் ஊரில் பெருமையாகவும் இன்னோர் ஊரில் வசையாகவும் ஒலிக்க வேண்டுமென்றால் பேசுகிறவர் அதை மனதார நம்பிப் பேச வேண்டும். நீங்கள் அப்படித்தான் பேசினீர்கள்.

அந்த நவம்பரில் மான்ட்ரியாலில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. மைக்கேல்ஸுடனான ஆட்டத்தில், நீங்கள் ஒப்புக்கொள்ளாதபோதே ஒப்புக்கொண்டதாக மணி அடித்தார்கள். அது உங்களுக்கு இழைக்கப்பட்ட துரோகம். அதற்கான விளக்கத்தை நீங்கள் போதுமான அளவு கொடுத்துவிட்டீர்கள். எந்தப் பேட்டியை எடுத்தாலும் அதைத்தான் கேட்கிறார்கள். 1999-இல் ஓவனைப் பறிகொடுத்தீர்கள். அதே ஆண்டு டிசம்பரில் தலையில் விழுந்த ஓர் உதை உங்கள் ஆட்டத்தையே முடித்து வைத்தது. 2002-இல் பக்கவாதம். இத்தனைக்கும் நடுவில் 1997 மார்ச்சில் செய்தது பின்னுக்குப் போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

2006-இல் உங்களை நிறுவனத்தின் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு அறிமுகப்படுத்தி வைத்தவர் ஆஸ்டின்தான். அதுவும் அதே ரோஸ்மாண்டில். 2025-இல் ஆட்களுக்கு அல்லாமல் ஓர் ஆட்டத்துக்கே அந்த மரியாதையைக் கொடுக்க முடிவு செய்தபோது, முதலாவதாக உங்கள் இருவரின் ஆட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மகிழ்ந்தேன். ஆனால் அப்போதும் எங்கு பார்த்தாலும் ஆஸ்டினின் முகம்தான்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த பேட்டியில் மான்ட்ரியால் பற்றி யாராவது ஆரம்பித்தால், தயவுசெய்து அவரை ரோஸ்மாண்டுக்கு அழைத்துப் போங்கள். ஷாம்ராக் முன்னால் நின்றபோது மோதாமல் இறங்கிப் போகலாம் என்று முதலில் சொன்னது யார், இறங்கி நடந்தபோது அந்தக் கூச்சல் உங்கள் காதில் எப்படி விழுந்தது என்று விரிவாகச் சொல்லுங்கள். கேட்கக் காத்திருக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் ரசிகன்