கூடப் பிறந்தவர்களுக்கும் எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இதயத் தசை தடித்துப் போகும் நோய்க்கு நெஞ்சைத் திறக்காமல் செய்யும் புதிய சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். என் தம்பிக்கு இந்த நோய் இருப்பதால் வரி விடாமல் படித்தேன், நன்றி. ஆனால் உங்கள் கட்டுரையைப் படித்தால் அல்ட்ராசவுண்ட் அலையே தசையைக் கரைத்துவிடுகிறது என்றுதான் தோன்றும். அது சரியில்லை.

சீனாவின் சியான் நகரில் டாக்டர் லியூ லிவென் குழுவினர், மார்பில் எக்கோ கருவியை, அதாவது அல்ட்ராசவுண்ட் அலையால் இதயத்தைப் படமாகக் காட்டும் கருவியை, வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டே, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய ஊசியை விட்டு, இதயத்தின் நுனி வழியாக இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள தடித்த சுவருக்குள் கொண்டுபோகிறார்கள். தசையைச் சுடுவது ஊசி முனையில் வரும் ரேடியோ அலையின் சூடு, எக்கோ வழி காட்டுவதோடு சரி. சுட்ட தசை மாதக்கணக்கில் மெலிந்து, தடித்த சுவர் அடைத்துக்கொண்டிருந்த, ரத்தம் வெளியேறும் பாதை அகலமாகிறது. இதயத் துடிப்பைக் கடத்தும் இழைகள் அந்தச் சுவரின் மேற்பரப்பை ஒட்டி ஓடுவதால் நடுத்தசையைத் தாண்டாமல் சுட வேண்டும், அதற்குக் கை ரொம்பப் பழகியிருக்க வேண்டும். 2018-ல் 15 பேரின் முடிவுகளையும் 2022-ல் 200 பேரின் முடிவுகளையும் வெளியிட்டார்கள், எனக்கும் நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து தேங்கும் ஆபத்து இதிலும் உண்டு. 1960-களிலிருந்து செய்துவரும், தசையை வெட்டி எடுக்கும் அறுவையைப் பழசு என்று ஒதுக்கியது போல நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. தேர்ந்த மருத்துவர்கள் செய்தால் அதன் பலன் பல வருடம் நிற்கிறது.

அப்புறம், கட்டுரையில் சுத்தமாக விட்டுப்போன விஷயம் குடும்பம். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது என்கிறார்கள், பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது, பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் தம்பி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னபோது முதலில் வாய்வு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். படுத்தபடி எடுத்த எக்கோவில் சுவர் தடிப்பு தெரிந்தும் ரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பு பெரிதாகத் தெரியவில்லை. பிறகு வேறொரு டாக்டர், மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி மறுபடி பார்த்தபோதுதான் அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் எகிறியது. பல பேருக்கு இப்படித்தான், ஓய்வில் ஒன்றும் தெரியாது. நெஞ்சு வலி என்றதும் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எல்லோரும் தேடுகிறோம் அல்லவா, இந்த அடைப்பு உள்ளவர்களுக்கு அது நிலைமையை மோசமாக்கும். அதையும் நீங்கள் எழுதவில்லை.

தம்பிக்குத் தெரிந்த பிறகு எனக்கும் அவன் பிள்ளைகளுக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்தோம். இப்போது ஒன்றும் இல்லை, ஆனாலும் பிள்ளைகளுக்கு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறையும் எனக்குச் சில வருட இடைவெளியிலும் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் தசை பிற்காலத்திலும் தடிக்கலாம். சியானுக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வது எத்தனை பேருக்கு முடியும்? எக்கோ நம் ஊரிலேயே இருக்கிறது.

தயவுசெய்து அடுத்த இதழில் அரைப் பக்கமாவது ஒதுக்கி, யாரெல்லாம் எக்கோ எடுக்க வேண்டும், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று ஒரு இதய மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். விளையாடும்போது மயங்கி விழும் பிள்ளைகளைப் பற்றியும் அதில் கட்டாயம் எழுத வேண்டும், பல வீடுகளில் அதை வெயில் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி