எரிமலை வாயுவை எட்ட நின்று அளத்தல்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

எத்தியோப்பியாவில் 2025 நவம்பர் 23 அன்று வெடித்த ஹேலி குப்பி எரிமலையின் புகைமேகம் கடல் கடந்து வட இந்தியாவின் வானத்தை எட்டியதை அடுத்து, அத்தகைய மேகத்திலுள்ள வாயுவை விண்ணிலிருந்து அளக்கும் முறையைத் தருமபுரியில் இயங்கும் நம் அறிவியல் மன்றம் இவ்வாண்டின் கூட்டங்களுக்குப் பொருளாகக் கொண்டது.

எரிமலை கக்குவதில் நீராவியே மிகுதி. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஏராளமாக இருப்பதால் அதைப் பிரித்தறிவது கடினம். கந்தக டைஆக்சைடோ காற்றில் மிக அரிது. புற ஊதாக் கதிரை வலுவாக உறிஞ்சுவது. பூமியிலிருந்து சிதறித் திரும்பும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 310 நானோமீட்டர் அலைநீளத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டு செயற்கைக்கோள் வாயுவின் அளவைக் கணிக்கிறது. ஓசோனும் அதே பகுதியில் ஒளியை உறிஞ்சுகிறது. இதனாலேயே, ஓசோனை அளக்க 1978-இல் ஏவப்பட்ட டாம்ஸ் கருவி, 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது எரிமலை வாயுவையும் காட்டிக்கொடுத்தது.

அரசுப் பள்ளி மாணவர்கள் அட்டைப்பெட்டியும் பழைய குறுந்தகடும் கொண்டு, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி செய்து, வான் ஒளியின் நிறப்பட்டையில் கருங்கோடுகளைத் தாமே கண்ட நாளை இவ்வாண்டின் மிகச் சிறந்த நாளாகக் கருதுகிறேன்.

வெடிப்பின் வலிமையும் வாயுவின் அளவும் ஒன்றல்ல என்பது உறுப்பினர்களை நெடுநேரம் பேசவைத்தது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை ஏறத்தாழ 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டைஆக்சைடை உமிழ்ந்து, உலக வெப்பநிலையைச் சுமார் அரை பாகை தாழ்த்தியது. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவின் ஹுங்கா எரிமலை 57 கிலோமீட்டர் உயரத்துக்குப் புகையை எழுப்பியும், அதில் கந்தக டைஆக்சைடு சில லட்சம் டன்னே. மாறாக ஏறத்தாழ 15 கோடி டன் நீராவி, மேகங்களுக்கு மேலே உள்ள காற்றடுக்கான அடுக்குமண்டலத்தில் சேர்ந்தது. நீராவி அரிதான அவ்வுயரத்தில் ஆரா செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவியால் அதை அளக்க முடிந்தது.

வாயு எந்த உயரத்தில் நிற்கிறது என்ற அனுமானம் மாறினால் டன் கணக்கும் மாறும்; அடர்ந்த சாம்பல் வாயுவை மறைக்கும்; புற ஊதாக் கருவி இரவில் பயன்படாது, அங்கே அகச்சிவப்புக் கருவியே துணை. ஆகவே உயரத்தைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் சொல்லும் செய்தியை நம் பலகையில் எழுத வேண்டாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். வரும் ஆண்டில் நம் நாட்டின் ஒரே செயல்படும் எரிமலையான அந்தமானின் பாரன் தீவை எடுத்துக்கொள்ள ஒப்புதல் வேண்டுகிறேன்.

செயலாளர்