கம்பத்தின் மேல் இருந்தவன்

குடியாத்தம்
14 நவம்பர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. இங்கே பத்து நாளாக விடாத மழை. கிணற்றில் தண்ணீர் மேல்படி வரை ஏறிவிட்டது. உன் தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே அரிசியில் கல் பொறுக்குகிறாள். உயிர்ச்சான்றிதழ் கொடுத்துவிட்டேன். நீ இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்த மாதம் முடிவதற்குள் கொடுத்துவிடு. போன வருடம் மாதிரி அலையாதே.

உன் பேரன் சேது பேச்சுப் போட்டிக்காக இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டனின் பேச்சை சினிமாவில் பார்த்து மனப்பாடம் செய்கிறான் என்று எழுதியிருந்தாய். "இந்த ஆளைப் பிள்ளை தலையில் தூக்கிவைத்துக்கொள்ளலாமா? நீதான் இதையெல்லாம் படித்தவன், சொல்" என்று கேட்டாய். ஒற்றை வரியில் சொல்ல முடியாததால்தான் நான்கு நாள் தள்ளிப்போட்டேன்.

சேது பார்த்தது 1970-இல் வந்த படத்தின் முதல் காட்சி. பெரிய கொடிக்கு முன்னால் நின்றுகொண்டு கனத்த குரலில் ஒருவர் முழங்குவார். அந்தக் குரல் நடிகருடையது. பேட்டனின் சொந்தக் குரல் மெல்லியது, கீச்சென்று இருக்கும். பழைய செய்திப்படங்களில் கேட்கலாம். அவர் இந்தப் பேச்சைப் பேசியது 1944-இல், இங்கிலாந்தில், பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முந்தைய வாரங்களில். கையில் குறிப்புத் தாள் கிடையாது. தன் தலைமையிலிருந்த மூன்றாவது ராணுவத்தின் ஒவ்வொரு பிரிவாகப் போய், ஏறக்குறைய ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினார். அவர் அங்கே இருப்பதே ரகசியம். இல்லாத ஒரு படைக்கு அவரைத் தலைவராகக் காட்டி ஜெர்மானியரை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். "என்னை இங்கே பார்த்ததாக வெளியே சொல்லாதீர்கள்" என்று பேச்சிலேயே சொல்லியிருக்கிறார். அதனால் நமக்குக் கிடைத்திருப்பதெல்லாம் கேட்ட சிப்பாய்கள் நினைவில் வைத்திருந்து எழுதியவைதான்.

அதில் சினிமா விட்டுவிட்ட ஒரு பகுதி இருக்கிறது, முருகேசா. முதன்முதலில் படித்தபோது என்னால் புத்தகத்தை மூட முடியவில்லை. துனிசியாவில் சண்டை உச்சத்தில் இருந்தபோது ஒருவன் தந்திக் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். பேட்டன் வண்டியை நிறுத்தி, அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். கம்பியைச் சரிசெய்கிறேன் ஐயா என்கிறான். இப்போது அங்கே இருப்பது ஆபத்தில்லையா? ஆபத்துதான், ஆனால் கம்பியைச் சரிசெய்தாக வேண்டுமே. விமானங்கள் சாலையைச் சுட்டுக்கொண்டு போகின்றனவே, அது உனக்குத் தொந்தரவாக இல்லையா? இல்லை ஐயா, நீங்கள்தான் தொந்தரவாக இருக்கிறீர்கள்! இதைத் தன் வாயாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் சொல்லிவிட்டு, அவன்தான் உண்மையான சிப்பாய் என்றார் பேட்டன்.

நான் ராணுவத்தில் லைன்மேனாகப் பதினேழு வருடம் டெலிபோன் கம்பி இழுத்தவன். அந்த இடத்தைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியுமா? கார்கில் போரின்போது திராஸில் 1999 ஜூன் மாத இரவு ஒன்று அப்படியே கண்முன் வந்தது. குண்டு விழுந்து பீரங்கி நிலைக்குப் போகும் லைன் அறுந்துவிட்டது. விளக்கு ஏற்றக் கூடாது. கேபிளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது வழுக்கிக்கொண்டே வர, கல்லிலும் பனியிலும் ஊர்ந்துகொண்டு போனேன். ஓர் இடத்தில் கையில் இருந்தது சட்டென்று முடிந்தது. மறுமுனையை இருட்டில் தடவித் தேடிப் பிடிக்க அரைமணி நேரம் ஆனது. விரல் மரத்துப்போனதால் மேலுறையைப் பல்லால் கடித்து உரித்து முடிச்சுப் போட்டேன். டெஸ்ட் போனை மாட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து "ஆவாஜ் ஆ ரஹி ஹை" (குரல் கேட்கிறது) என்று யாரோ ஒரு ஹவில்தாரின் குரல். அந்த நான்கு சொல்லுக்காகத்தான் அன்று உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது. நம் வேலையைப் பற்றி மேடையில் நின்று பேசிய தளபதி ஒருவர் இருந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

உன்னையும் அவர் விட்டுவிடவில்லை. அடுத்த மூச்சிலேயே லாரி டிரைவர்களைப் பற்றிப் பேசுகிறார். துனிசியாவின் மோசமான சாலைகளில், சுற்றிலும் குண்டு வெடிக்க, பலர் நாற்பது மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டினார்கள். அவர்கள் துப்பாக்கி பிடித்துச் சண்டை போடும் ஆட்கள் இல்லை. ஆனால் அவர்கள் இல்லையென்றால் அந்தச் சண்டை தோற்றிருக்கும் என்கிறார். சில மாதங்களிலேயே அது அவர் விஷயத்தில் நடந்தது. 1944 ஆகஸ்ட் கடைசியில் பிரான்ஸின் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்த அவருடைய டாங்கிகள் பெட்ரோல் இல்லாமல் நின்றன. ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை இரவும் பகலும் ஓடிய லாரி அணியின் பெயர் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்'. அதை ஓட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினச் சிப்பாய்கள்.

இங்கேதான் எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வருகிறது. அதே ஆண்டு நவம்பரில் 761-ஆவது டாங்கிப் பிரிவு அவரிடம் வந்து சேர்ந்தது. அதன் சிப்பாய்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். உங்கள் நிறம் எனக்குப் பொருட்டில்லை, எதிரியை அடித்தால் போதும் என்று அவர்கள் முன்னால் நின்று முழங்கினார். ஆனால் போர்க் குறிப்புகளில், டாங்கியில் சண்டையிடும் அளவுக்கு அவர்களால் வேகமாகச் சிந்திக்க முடியாது என்று எழுதிவைத்தார். அந்தப் பிரிவு 183 நாள் போர்முனையில் நின்றது. அதற்கு ஜனாதிபதியின் பாராட்டு 1978-இல்தான் வந்தது. அவர்கள் முன்னால் சொன்னதை அவரே நம்பவில்லை என்பதை என்னால் செரிக்க முடியவில்லை.

சிசிலியில் செய்தது அதைவிட மோசம். 1943 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ராணுவ மருத்துவமனை ஒன்றில், உடம்பில் காயமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு சிப்பாயைக் கோழை என்று திட்டி அறைந்தார். அந்தப் பையனுக்கு மலேரியா, கூடவே வயிற்றுப்போக்கு. ஒரு வாரம் கழித்து வேறொரு மருத்துவமனையில் இன்னொருவனை. அவருடைய மேலதிகாரி ஐசனோவர் கண்டித்து மன்னிப்புக் கேட்க வைத்தார். திராஸில் நம் திண்டுக்கல் பையனை நினைத்துப் பார். குண்டுவீச்சுக்குப் பிறகு கை நடுங்கி அவனால் கட்டிங் பிளையரைப் பிடிக்க முடியவில்லை. சுபேதார் சாகிப் ஒரு வார்த்தை பேசாமல் அவனை இரண்டு நாள் சமையல் கொட்டகையில் உருளைக்கிழங்கு உரிக்க அனுப்பினார். மூன்றாம் நாள் அவனாகவே கேபிள் டிரம்மைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அந்த சுபேதார் எந்த மேடையிலும் பேசியவர் இல்லை. அவர் கூப்பிட்டால் இன்றைக்கும் நான் எழுந்து போவேன்.

இன்னொன்றையும் சேதுவிடம் சொல். பேட்டன் என்ற பெயரை நம் நாடு அறிந்தது சினிமாவால் அல்ல. அவர் பெயரை வைத்த அமெரிக்க டாங்கிகளோடுதான் 1965-இல் பாகிஸ்தான் பஞ்சாப் எல்லையில் கேம்கரண் வழியாக வந்தது. அங்கே அசல் உத்தர் கிராமத்தில் நம் ஆட்கள் வயலில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கரும்புக்குள் காத்திருந்தார்கள். ஜீப்பில் ஏற்றிய பீரங்கியால் பேட்டன் டாங்கிகளை ஒவ்வொன்றாக உடைத்துவிட்டு உயிர்விட்ட அப்துல் ஹமீது யார் தெரியுமா? கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். கம்பெனியின் சாமான்களைக் கணக்கு வைத்துக் கொடுக்கும் பொறுப்பு. ஃபெரோஸ்பூரில் இருந்தபோது அவருடைய சமாதிக்குப் போய் நின்றிருக்கிறேன். சுற்றிலும் வயல்தான்.

பேட்டன் 1945 டிசம்பரில், மான்ஹைம் அருகே அவருடைய கார் ஒரு ராணுவ லாரியில் மோதி, பன்னிரண்டு நாள் கழித்து இறந்தார். லக்ஸம்பர்க்கில், ஹாம் என்ற இடத்தில், தன் சிப்பாய்களுக்கு நடுவிலேயே புதைத்தார்கள். அவருக்கும் மற்றவர்களுக்கு நட்ட அதே சிலுவைதான். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே சேதுவைத் தடுக்காதே. ஆனால் கொடிக்கு முன்னால் முழங்கும் பகுதியை விட்டுவிட்டுக் கம்பத்தின் மேல் இருந்தவனையும் லாரிக்காரர்களையும் பேசச் சொல். அந்தப் பகுதியைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், வசவுகளை மட்டும் எடுத்துவிட்டேன். மருத்துவமனையில் நடந்ததையும் அவனிடம் மறைக்காதே, பதினேழு வயதாகிவிட்டது, தாங்குவான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக எல்லோரும் வந்துவிடுங்கள். தங்கச்சி செல்விக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஜோஜிலா கணவாயில் பனிச்சரிவுக்கு முந்தின ராத்திரி நீ எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினாய் என்று சேது கேட்பான், கேட்கச் சொல்லி அவனுக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். இந்தமுறை பேச்சை மாற்றாமல் சொல்லிவிடு.

உன்
தணிகாசலம்