மார்பிள் ஊர் ஆலைக் கல்லை இருந்த இடத்தில் திரும்ப வையுங்கள்

டென்வர் வட்டாரத்திலிருந்து, ஆற்றோரப் பாறைமேல் நிற்கும் பழைய மரக் கட்டடமான கிரிஸ்டல் மில் பார்க்கச் செல்லும் தமிழ் நண்பர்களுக்கும், அந்தப் பயணங்களை ஏற்பாடு செய்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். ஆகஸ்டு மாதக் கடைசிச் சனிக்கிழமை, கிரிஸ்டல் மில்லுக்குப் போகும் வழியில் இருக்கும் கொலராடோ மலையூரான மார்பிளின் பழைய சலவைக்கல் ஆலையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அன்றிரவே படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. படங்களில் வராததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவர் ஒரு கல்லைத் தூக்கித் தங்கள் வண்டியின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டடி நீளம் இருக்கும். ஏதோ ஒரு கட்டடத்தின் விளிம்புக்காகச் செதுக்கத் தொடங்கிய துண்டு. ஒரு பக்கத்தில் வளைவுகள் இழைத்து முடிந்திருந்தன. மறுபக்கத்தில் உளி இறங்கிய கோடுகள் அப்படியே நின்றன. அந்தக் கல்லை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அந்தக் கோடுகளில் விரலை ஓட்டி, "இதைச் செய்தவர் ஏன் முடிக்காமல் போய்விட்டார்?" என்று கேட்டாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் அந்தக் கல்லைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போவோம்.

இறக்கி வைக்கச் சொன்னேன். "கல்தானே அண்ணா, இங்கே எவ்வளவோ கிடக்கிறதே, தோட்டத்தில் வைக்கலாம் என்று பார்த்தோம்" என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். மறுப்புச் சொல்லாமல் இறக்கவும் செய்தார்கள். இறக்கும்போது பிடி நழுவியது. இழைத்து முடித்திருந்த பக்கத்தின் முனை உடைந்து விழுந்தது. உடைந்த இடத்தில் சலவைக்கல் கற்கண்டு போல மின்னியது. சுற்றிலும் நூறாண்டுப் பாசியும் கறையும். பணம் கொடுக்கட்டுமா என்று அவர் கேட்டார். யாருக்குக் கொடுப்பது?

அன்று மாலை ஆலையின் தூண் ஒன்றில் இன்னொன்றையும் பார்த்தேன். சாவியாலோ ஆணியாலோ கீறிய ஒரு பெயர், தமிழ் எழுத்தில். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார முதியவர் ஒருவர், அது எந்த மொழி, என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொன்ன நிமிடத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்: அந்த ஆலையிலிருந்து கல்லை எடுக்காதீர்கள். எடுத்திருந்தால் திருப்பிக் கொண்டுபோய் வையுங்கள்.

அங்கே கிடப்பது கழிவு என்று பலர் நினைக்கிறீர்கள். அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. கூரை இல்லை, இயந்திரம் இல்லை. ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே வெள்ளைத் தூண்களும் சிதறிய பாளங்களும்தான். ஆனால் ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்தீர்களா? 1941ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டது. உலகப் போர்க் காலம். இரும்புக்குத் தட்டுப்பாடு. அறுவை வாள்கள், பாரந்தூக்கிகள், கடைசல் இயந்திரங்கள், ரயில் தண்டவாளம் என்று உருக்கக்கூடியது எல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போனது. அதே ஆண்டு கார்பனேட் ஓடையில் வந்த வெள்ளமும் சேறும் ஊரின் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போயின. மிஞ்சியது கல் மட்டும்தான். நீங்கள் குப்பை என்று நினைக்கும் அந்தத் துண்டுகள்தாம் இன்று ஆலை. அவற்றை எடுத்துவிட்டால் பார்ப்பதற்கு ஒரு ஆற்றங்கரைதான் இருக்கும்.

ஒரு துண்டைக் குனிந்து பாருங்கள். தட்டையான முகத்தில் மெல்லிய இணைகோடுகள் தெரியும். அவை வாள் அறுத்த தடங்கள். அந்த வாள்களுக்குப் பல் கிடையாது. வெறும் இரும்புப் பட்டைகள். பல பட்டைகளை ஒரு சட்டத்தில் வரிசையாகக் கட்டி முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். மேலிருந்து மணலும் தண்ணீரும் விடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கல்லை அறுப்பது மணல்தான், இரும்பு அந்த மணலை இழுக்கிறது, அவ்வளவே. மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஒரு பாளம் அறுபடும். அறுத்ததைச் சுழலும் இரும்புத் தட்டில் தேய்த்துச் சமன் செய்வார்கள். தூண் உருளைகளைக் கடைசலில் ஏற்றுவார்கள். கடைசியில் உளியோடு கற்றச்சர்கள் வருவார்கள். அவர்களில் பலர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாம் மடிக்கணினியோடு வந்தோம், அவர்கள் உளியோடு வந்தார்கள்.

அவர்களுடைய வேலையை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் குடும்பத்தோடு படம் எடுக்காதவர் நம்மில் யார்? அதன் வெளிப்புறச் சலவைக்கல் முழுவதும், அந்த மாபெரும் தூண்கள் உட்பட, இந்த ஊரின் யூல் ஓடைக் குவாரியிலிருந்து போனது. 1914 முதல் 1916 வரை அனுப்பினார்கள். டென்வரில் சீஸ்மன் பூங்காவின் மண்டபமும் இதே கல்தான்.

அந்த வெண்மைக்குப் பின்னால் இருந்த துயரத்தையும் சொல்ல வேண்டும். மலையில் ஒன்பதாயிரம் அடிக்கு மேலிருக்கும் குவாரியிலிருந்து ஆலைக்குக் கல் இறங்கிய பாதை செங்குத்தானது. ஆலையையும் குவாரியையும் நடத்திய கம்பெனியின் தலைவர் சானிங் மீக் 1912 ஆகஸ்டில் அந்தப் பாதையில் நடந்த விபத்தால்தான் இறந்தார். கட்டுமீறி ஓடிய டிராம் வண்டியிலிருந்து குதித்து அடிபட்டார். தலைவருக்கே அந்தக் கதி என்றால் கூலிக்காரர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டு மார்ச்சில் எதிர்மலையிலிருந்து சரிந்த பனி ஆலையின் ஒரு பகுதியை நொறுக்கியது. கம்பெனியை விமர்சித்து எழுதி வந்த உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் சில்வியா ஸ்மித்தை அப்போது ஊரை விட்டே வெளியேற்றினார்கள். அவர் நீதிமன்றம் போய் வென்றார். பனிச்சரிவைத் தடுக்க ஆற்றோரம் சலவைக்கல் பாளங்களாலேயே பெரிய சுவர் எழுப்பினார்கள். பிள்ளைகள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வது அந்தச் சுவரின் மீதுதான்.

1931இல் வாஷிங்டனுக்கு அருகே அர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் பெயரறியா வீரர் கல்லறைக்காக மலையிலிருந்து வெட்டிய ஒற்றைக் கல்லின் எடை 56 டன். இந்த ஊரிலிருந்து ரயிலேறி வெர்மான்ட் மாநிலம் போய் அறுபட்டு, அர்லிங்டன் சேர்ந்து செதுக்கப்பட்டது. பின்னாளில் அதில் விரிசல் தெரிந்தபோது புதுக் கல் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. 1990 முதல் குவாரி மீண்டும் இயங்கி வருகிறது. ஆனாலும் பழைய கல்லையே பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். "கல்தானே, எவ்வளவோ கிடக்கிறது" என்று யாரும் அங்கே முடிவெடுக்கவில்லை.

நான் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக்காரன். கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்ததைப் பார்த்து வளர்ந்தவன். கீழவளவில் சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் இருக்கும் குன்றைச் சுற்றி என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈராயிரம் ஆண்டு எழுத்துக்குப் பக்கத்திலேயே தன் பெயரையும் காதலி பெயரையும் கீறிவிட்டுப் போனவர்களைச் சிறு வயதில் கண்டிருக்கிறேன். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக அரிட்டாபட்டி மக்கள் நின்றபோது, இங்கே நம் குழுக்களில் எத்தனை வாழ்த்து, எத்தனை பெருமிதம்! கீழடிப் பானை ஓட்டை யாராவது பையில் போட்டுக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா? அடுத்தவர் ஊரின் கல் என்றால் மட்டும் மனம் ஏன் இப்படி மரத்துப் போகிறது? 2020 கணக்கெடுப்பில் 133 பேர் வாழும் ஊர் அது. பழைய பள்ளிக்கூடத்தில் சிறிய அருங்காட்சியகம் வைத்து, கிடைத்த படத்தையும் கருவியையும் சேர்த்துக் காத்து வருகிறார்கள். கோடையில் நம் வண்டிகள் அந்த ஊரின் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைக் குற்றவாளிகளாக்குவது என் நோக்கம் அன்று. நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி, ஜீப் பிடித்து, மேலே கிரிஸ்டல் மில்லின் முன் நின்று, பிள்ளைகளுக்குப் பசிக்கும் முன் திரும்ப வேண்டும் என்ற அவசரம் எனக்கும் தெரியும். அதனால்தான் பயணம் ஏற்பாடு செய்பவர்களைத் தனியாக வேண்டிக்கொள்கிறேன்: திட்டத்தில் ஒரு மணி நேரம் இந்த ஆலைக்கு ஒதுக்குங்கள். வண்டியிலிருந்து இறங்கும் முன் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். இது 1979இலேயே அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்ந்த இடம், இங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. இவ்வளவு சொன்னால் போதும். நம்மவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அந்த இருவருமே சொன்னவுடன் இறக்கி வைத்தவர்கள்தாம்.

முன்பே எடுத்துப்போன கல் உங்கள் தோட்டத்திலோ மீன்தொட்டியிலோ இருந்தால், தயவுசெய்து திருப்பி வையுங்கள். அந்த இருவரிடமும் ஒரு வேண்டுகோள்: உடைந்த முனையை அன்று நீங்கள் காலடியில் தேடினீர்கள், கிடைக்கவில்லை. உங்கள் வண்டியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில், பனி விழுமுன், நான் மறுபடியும் போகிறேன். மகளும் வருகிறாள். போக நேரமில்லாதவர்கள் கல்லை என்னிடம் கொடுங்கள், வண்டியில் இடம் இருக்கிறது. எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்று மட்டும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். பெயர் எழுத வேண்டாம்.

அன்புடன்,
டென்வரில் வாழும் ஒரு மேலூர்க்காரன்