கருகிய சரிவில் நாற்று நடுவதில்லை: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

காட்டுத்தீயில் கருகிய வடக்குச் சரிவில் நாற்று நடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். கருகி நிற்கும் மரங்களில், நடைபாதையின் மீது விழக்கூடியவற்றை மட்டும் வெட்டுகிறோம். மற்றவை அப்படியே நிற்கும். இந்த இலையுதிர்காலத்தில் குழந்தைகளுக்குக் காட்டைப் பற்றிக் கற்றுத்தரும் நம் மையத்தைத் திறந்து, அவர்களை அந்தச் சரிவுக்கே அழைத்துச் செல்கிறோம். இது வேறொருவர் வாய்வழியாக உங்களை எட்டுவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். உங்கள் கடிதங்களுக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுதத் தொடங்கினால் உங்கள் விருப்பத்துக்கு இணங்கிவிடுவேன் என்று அஞ்சினேன். நீங்கள் அருகில் இல்லாதபோதுதான் என்னால் இந்த முடிவை எடுக்க முடிந்தது.

இதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாற்றுகளுக்கென்று பணம் தந்தவர்களும், பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும். அதனாலேயே கட்டடத்தைப் பற்றியும் காப்பீட்டைப் பற்றியும் இங்கே எதுவும் எழுதவில்லை. நீங்கள் பொறுப்பைத் துறந்த விதத்தைப் பற்றியும் எழுதப் போவதில்லை. அது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

தீ அணைந்தபின் நாம் முதன்முதலாக மேலே ஏறிய நாளை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓடைக்கு மேலே நின்றீர்கள். தண்ணீர்ப் புட்டியைத் திறந்தீர்கள். குடிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ மண்டியிட்டு, சாம்பலைக் கையால் ஒதுக்கி, வெறும் மண்ணின் மேல் கொஞ்சம் ஊற்றினீர்கள். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. தாமரை இலையில் நிற்பதுபோல் மணிமணியாக நின்று, பிறகு சரிவில் உருண்டோடியது. சருகு எரியும்போது அதிலுள்ள மெழுகுப் பொருள்கள் ஆவியாகி மண்ணுக்குள் புகுந்து, சற்று ஆழத்தில் குளிர்ந்த மண்துகள்களின் மேல் படிந்துவிடுகின்றன என்பதையும், தீக்குப்பின் சிறுமழைகூட மலைச்சரிவில் வெள்ளமாக இறங்குவது அதனால்தான் என்பதையும் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குக் கற்றுத் தந்தவர் நீங்கள். தெரிந்திருந்தும் கொஞ்சம் தள்ளி மறுபடி ஊற்றினீர்கள், இன்னும் தள்ளி மறுபடியும். புட்டி காலியாகும்வரை அந்த மண் ஒரு வாய் குடித்துவிடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு என்னைப் பார்க்காமல் எழுந்து கீழே இறங்கிவிட்டீர்கள்.

அன்று உங்கள் தோளைத் தொட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அக்கா, அன்று எனக்கு அதைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. தீ இந்தக் காட்டின் வாழ்க்கையில் ஒரு பகுதி என்று ஆண்டுதோறும் குழந்தைகளுக்குச் சொன்னது நீங்கள்தானே? எங்கே புகை தெரிந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று 1935இல் அமெரிக்க வனத்துறை வகுத்த விதியால் காடுகளில் எவ்வளவு சருகும் காய்ந்த கட்டையும் தீக்கு எரிபொருளாகச் சேர்ந்தது என்று விளக்கியதும் நீங்கள்தான். 1988இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பரப்பில் ஏறத்தாழ 36 விழுக்காடு தீயின் பிடிக்குள் வந்ததையும், செப்டம்பர் 11 அன்று விழுந்த மழையும் பனியும்தான் அதைத் தணித்தன என்பதையும், அங்கே லாட்ஜ்போல் பைன்கள் யாரும் நடாமலே முளைத்தெழுந்ததையும் நீங்கள் சொன்னபோது நான் முழுமையாக நம்பினேன். நம் மரங்கள் எரிந்தவுடன் நீங்கள் நம்பவில்லை. உடனே நட வேண்டும், கருப்பெல்லாம் கண்ணில் படாமல் அகற்ற வேண்டும் என்று தொலைவிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தீர்கள்.

இப்போது இங்கே இருப்பதைச் சொல்கிறேன். மண்ணுக்கடியில் பிழைத்த வேர்களிலிருந்து ஆஸ்பென் மரங்கள் கூட்டம் கூட்டமாகத் துளிர்த்து இடுப்பளவு வளர்ந்திருக்கின்றன. எல்க் மான்கள் கடித்தவை போக மிஞ்சியவை அனைத்தும் இந்த வாரம் மஞ்சளாகிவிட்டன. நிழல் தர மேலே மரம் இல்லாததால் அந்த மஞ்சள் நிறம் முன்னெப்போதையும்விடத் துலக்கமாகத் தெரிகிறது. பிசினால் மூடிக்கிடந்த பைன் கூம்புகள் தீயின் வெப்பத்தில் திறந்து உதிர்த்த விதைகள் முளைத்திருக்கின்றன. விரல் நீளக் கன்றுகளைக் குனிந்து தேடினால்தான் பார்க்க முடியும். நீங்கள் அகற்றச் சொன்ன மரங்களில் கருமுதுகு மரங்கொத்தி பட்டையை உரித்துப் புழு தேடுகிறது. எரிந்த மரத்தில் வண்டுப் புழுக்கள் மிகுந்திருக்கும் சில ஆண்டுகளே அந்தப் பறவைக்கு இங்கே வளமான காலம். மரங்களை வெட்டியிருந்தால் அதை இழந்திருப்போம். நீங்கள் தண்ணீர் ஊற்றிய இடத்தில் இப்போது குழந்தைகள் ஊற்றிப் பார்க்கப் போகிறார்கள். அதுதான் முதல் பாடம். பெரும்பாலான இடங்களில் மண் குடித்துவிடுகிறது. சில இடங்களில் இன்னும் தயங்குகிறது. இரண்டையும் அவர்கள் பார்க்கட்டும்.

உங்கள் அச்சம் வீண் என்று நான் சொல்லவில்லை. இளம் பைன்கள் போதிய கூம்புகளைச் சேமிப்பதற்குள் இன்னொரு தீ வந்தால் மறுபடி முளைக்க விதை இருக்காது. கோடைகள் வறண்டுகொண்டே போவதால் அப்படி நடக்கும் வாய்ப்பும் கூடிவருகிறது. நான் இரவில் இதை நினைக்காமல் இல்லை. ஆனால் நெருக்கமாக நாற்று நட்டால் அந்த ஆபத்து நீங்கிவிடாது, கூடக்கூடும். தானாக முளைத்தவை இருக்கும் சரிவில் ஆட்களை இறக்கினால் அவர்கள் காலடியில் முதலில் நசுங்குவதும் அவைதான். மேல்முகட்டில் மட்டும், விதைமரம் தொலைவில் இருப்பதால், இன்னும் சில பருவங்கள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றிருக்கிறோம். அங்கே உங்கள் கருத்தே சரியாகவும் இருக்கலாம்.

உங்களை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. வந்தால் மகிழ்வேன், வந்து குழந்தைகள் முன்னால் இந்த முடிவை மறுத்துப் பேசினாலும் மகிழ்வேன். வராவிட்டாலும், தீக்கு முந்தைய ஆண்டுகளின் குறிப்பேடுகளை மட்டும் அனுப்பிவையுங்கள். எந்தச் சரிவில் ஆஸ்பென் எப்போது மஞ்சளானது, முதல் பனி என்று விழுந்தது, எந்தப் பறவை எங்கே கூடு கட்டியது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. அவை இல்லாமல் இப்போது காண்பதை எதோடு ஒப்பிடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவற்றை உங்களோடு எடுத்துச் சென்றதைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி இங்கே வந்துபோன குழந்தைகள் தங்கள் கையால் எழுதியவை. அவற்றைத் திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை